முதுகோடு முதுகாக ஒரு சைக்கிள்

உப்பு விளைகிற அளத்துக்கரையில், சர்வேயர் திருமேனிக்கும் அவன் மனைவி பவளக்கொடிக்கும் நடுவில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் தூரம் விழுந்தது ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். கார்த்திகை முடிவதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது, மார்கழியில் அதை வைத்து மெதுவாகக் கேலிகூடப் பேசிப் பார்த்தது, தை பிறந்தபோது ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் நல்ல தண்ணீர் எந்தக் குழாயில் வரும், பால் யார் வீட்டில் கலப்படமில்லாமல் கிடைக்கும் என்று சொல்வதோடு சேர்த்து, சர்வேயர் வீட்டில் அவருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் உண்டு, பார்த்தால் பார்க்காத மாதிரி இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவைக்கிற அளவுக்கு அது சாதாரண விஷயமாகிவிட்டது.

வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு அடுப்படி, நடுவில் கதவில்லாத ஒரு நிலைவாசல். பக்கத்து வீட்டுச் சொர்ணம் கூடத்திலிருந்து அடுப்படிக்கு நாலே எட்டில் போய்விடுவாள். திருமேனி எழுந்து நடந்தால்தான் சிமெண்டுத் தரை அவனுக்கு முன்னால் நீண்டு நீண்டு போகும். அந்தக் கோடியில் பவளக்கொடி, அளத்தின் கடைசிப் பாத்தியில் நிற்கிற ஆள் மாதிரி விரற்கடை அளவில் தெரிவாள், கூப்பிட்டால் நாலு விநாடி கழித்துத் திரும்பிப் பார்ப்பாள், அரை மணி நேரம் நடந்தாலும் அதே அளவில்தான் தெரிவாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, எதிர்காற்றில் மாட்டிக்கொண்டவன் மாதிரி ஒரு மனுஷன் தன் வீட்டுக் கூடத்தில் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பது தெரியும்.

அந்த வியாழக்கிழமைதான் அவர்களுடைய ஒரே பெண் முத்தரசி போனாள். ஒன்பது வயது. ஆறு நாள் காய்ச்சல், ஏழாம் நாள் காலையில் இல்லை. ஊர் வழக்கப்படி பெண்களெல்லாம் தண்ணீர்த்தொட்டி முக்கு வரைக்கும் வந்து நின்றுவிட, பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு திருமேனி ஆண்களோடு போனான். எரிக்கிற வயதில்லை என்பதால் புதைத்துவிட்டு வந்தார்கள். குளித்துவிட்டு ஈரத் துணியோடு வீட்டுக்குள் நுழைந்தவன் பவளம் என்று கூப்பிட்டபோது, அவள் அந்தத் தொலைவில் நின்றாள். அன்றைக்கு இருந்த இருப்பில் அவனுக்கு அது ஆச்சரியமாகக்கூடப் படவில்லை.

அளப்பதே பிழைப்பாக இருப்பவன் என்பதால் பதினாறு முடிந்த மறுநாளே அவன் ஆபீசிலிருந்து தூரம் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து, கூடத்தில் முக்காலி விரித்து நிறுத்தி, எதிர்முனையில் பிடிக்கிற கண்ணாடிக் கோலைச் சொர்ணத்திடம் கொடுத்து அடுப்படியில் நிற்கவைத்துப் பார்த்தான்; மூன்று மீட்டர் அறுபது என்றது கருவி. அதே கோலைச் சொர்ணம் பவளக்கொடி கையில் கொடுத்ததும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது. காலையில் பார்த்தான், உச்சிவெயிலில் பார்த்தான், மழை விட்டபின் பார்த்தான், ஒரு சென்டிமீட்டர் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஏன் அந்த அளவு என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை. அடுத்தவர் வயலில் வரப்பு ஒரு முழம் நகர்ந்திருந்தால் வாசனை பிடித்துக் கண்டுபிடிக்கிறவனுக்குத் தன் வீட்டு விஷயத்தில் மூளை அப்படித்தான் மரத்துப்போயிருந்தது.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. காபியைச் சொர்ணம் எடுத்துக் கொடுத்தாள். உப்பு தீர்ந்துவிட்டது, கேஸ் சொல்ல வேண்டும், மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது என்பதையெல்லாம் அந்த வழியாகப் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, இவனிடம் கேட்டு அவளிடமும் அவளிடம் கேட்டு இவனிடமும் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிச் சொல்லும்போது காரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வது தெருவில் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. அவள் எரிந்து விழுந்தால், அம்மாவுக்குத் தலைவலியாம் என்று வந்து சேரும். ரேஷன் கடையில் இரண்டு பேரும் ரேகை வைக்க வேண்டிய நாளில், இவன் வைத்துவிட்டுப் போய், அவள் வந்து சேருகிற வரைக்கும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் காத்திருப்பார். டீக்கடையில் ஒருவர், எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதான் இது, சர்வேயர் வீடு என்பதால் அளந்துவிட்டார்கள் என்று சொல்லப்போக, சிரித்தவர்களில் பாதிப் பேர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனால் உப்பையும் கேசையும் ஆள் மூலம் சொல்லி அனுப்பலாம், எல்லாவற்றையும் அனுப்ப முடியாது. திருமேனிக்குள் ஒரு வார்த்தை இருந்தது. அதை அவளிடம் சொல்லாவிட்டால் செத்துவிடுவோம் என்று நினைத்தான். சொர்ணத்திடம் சொல்லி அனுப்பினாலும் செத்துவிடுவோம் என்று நினைத்தான். அதனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் கூடத்தில் நின்று அவளை நோக்கி நடந்தான். மாதக்கணக்கில் நடந்து நடந்து இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. அந்தக் கோடியிலிருந்து அவளும் இவனை நோக்கி நடந்துகொண்டிருந்தாள் என்பதைச் சொர்ணம் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். பிரசவத்தில் பிடித்த இடுப்பு வலி அவளுக்கு இப்போது முற்றிப்போய், உட்கார்ந்தால் முதுகுக்குச் சாய்மானம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போகிப் பண்டிகைக்கு முந்தின நாள் சொர்ணம் ஜமுக்காளத்தை நனைத்துவிட்டாள். நனைந்த ஜமுக்காளம் ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும், தனியாளாகப் பிழிய முடியாது. அவள் யோசனை எதுவும் இல்லாமல் ஒரு நுனியைப் பவளக்கொடி கையில் கொடுத்து, மறுநுனியைக் கொண்டுவந்து திருமேனி கையில் திணித்து, நீங்க இப்படி முறுக்குங்கண்ணே என்றாள். அவன் வலப்பக்கம் முறுக்கினான், அவள் இடப்பக்கம் முறுக்கினாள். தண்ணீர் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் ஐந்தடி தூரத்தில் பவளக்கொடி நின்றாள். நெற்றிக்கு மேலே ஒரு கொத்து நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு பெண்டாட்டி முகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் அவன் கையை விட்டுவிட்டான். ஜமுக்காளம் தரையில் விழுந்தது, அவள் கோடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் துணி காயவே இல்லை. காய்ந்ததை நனைத்துப் பிழிந்தார்கள், பிழிந்ததை மறுபடி நனைத்தார்கள், நனைக்க ஒன்றுமில்லாதபோது உலர்ந்த துண்டையே ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினார்கள். சும்மா பிடித்திருந்தால் நடக்காது என்பதும் தெரிந்தது; ஒரே கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள், கட்டில் நீண்டுகொண்டு போனதுதான் மிச்சம். இரண்டு பேரும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் பலம் கொடுத்துக்கொண்டிருந்தால்தான் தூரம் சுருங்கி நின்றது. முறுக்குகிற மும்முரத்தில் பேச மூச்சு இருக்காது, மூச்சு வாங்கிக்கொள்ளக் கை தளர்ந்தால் ஆள் இருக்காது. ஆனி மாதம் வந்தபோது இரண்டு பேர் உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. அந்த ஒற்றை வார்த்தை அப்படியே தொண்டையில் நின்றது.

அவர்கள் கையைப் பார்த்துவிட்டுச் சொர்ணம் போய் நின்ற இடம் ஜெசிந்தாவின் பட்டறை. ஜெசிந்தா புதுச்சேரிப் பக்கம் பதினொரு வருஷம் வெள்ளைக்காரர்களுக்குச் சாய்ந்து படுத்தபடி ஓட்டுகிற சைக்கிள்களை வெல்டிங் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள். ஊர் திரும்பிய பிறகு உப்பு அள்ளுகிற தள்ளுவண்டியும் இரும்புக் கேட்டும் செய்துகொண்டிருந்தாள். கூடக் குறைய ஒரு சொல் பேசமாட்டாள். சொர்ணம் முழுக்கதையையும் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது, அவங்க ரெண்டு பேர் உயரம் என்ன என்பதுதான். முழங்கால் வீங்கியவனும் இடுப்பு பிடித்தவளும் சாதாரண சைக்கிள் சீட்டில் உட்கார முடியாது. படுக்கிற சைக்கிளாக, இரண்டு பேர் மிதிக்கிறதாக, ஒரே சங்கிலியில் ஓடுகிறதாக இருந்தால் மிதிக்கிற வரைக்கும் பிரியமாட்டார்கள், மிதித்துக்கொண்டே பேசவும் செய்யலாம் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் பட்டறைக்கு வரச்சொன்னாள். அளத்துக்கரையில் அன்றைக்கு யாருக்கும் வேறு வேலை இல்லை. பட்டறைத் தரையில் ஜெசிந்தா சாக்குக் கட்டியால் மூன்று சைக்கிள் வரைந்து வைத்திருந்தாள், நிஜ அளவில். சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். திருமேனி வந்து நின்றபோது பவளக்கொடி அவனுக்கு உப்புக் குவியல்களுக்கும் அப்பால் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். ஜெசிந்தாவுக்கோ இரண்டு பேரும் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றார்கள். அவள் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் தலையைத் திருப்பிப் பேசினாள்.

முதல் படத்தில் ஒருவர் பின்னால் ஒருவர், இருவருக்கும் முகம் முன்பக்கம். டீக்கடைக்காரர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால், உலகத்தில் உள்ளதுதானே என்றார்கள். இரண்டாவதில் பக்கத்தில் பக்கத்தில், மூன்று சக்கரம். அதைப் பார்த்ததும் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு, கல்யாணக் காரில் போகிற மாதிரி இருக்கும் என்று. ஜெசிந்தா அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உங்க தெருவுல அது நுழையாது, நுழைஞ்சா திரும்பாது என்று காலாலேயே அந்தப் படத்தைத் தேய்த்து அழித்தாள். மூன்றாவதில் இரண்டு இருக்கையும் முதுகோடு முதுகாக ஒட்டியிருந்தன. முன்னால் இருப்பவர் போகிற வழியைப் பார்ப்பார், பின்னால் இருப்பவர் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போவார். அப்படி ஒரு சைக்கிளை யார் வாங்குவார்கள் என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். வெள்ளைக்காரர்களே ஒரு ஜோடிதான் வாங்கினார்கள் என்றாள் ஜெசிந்தா.

திருமேனிக்கு மனசுக்குள் தேர்வு எப்போதோ முடிந்திருந்தது. முதல் சைக்கிள், ஆனால் பவளக்கொடி முன்னால், அவன் பின்னால். மிதிக்கிற நேரமெல்லாம் அவள் தலையையும் அந்த நரைத்த கொத்தையும் காது மடலையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதைச் சொன்னான். ஊர் ஒரு மாதிரி இருமியது. ஜெசிந்தா அந்தப் பக்கம் திரும்பிப் பவளக்கொடியிடம் கேட்டாள். அவள் குனிந்து நின்று ஏதோ சொல்வது திருமேனிக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. ஜெசிந்தா திரும்பினாள்.

"மூணாவதுதான் வேணுமாம் சார். வந்த வழியப் பாத்துக்கிட்டுப் போற சீட்டு அவங்களுக்காம்."

முதலாவதில் நான் முன்னால் உட்கார்ந்தால் சம்மதமா என்று கேட்கச் சொன்னான். ஜெசிந்தா கேட்டாள்.

"அவரு முதுகப் பாத்தது போதும்னு சொல்றாங்க."

தெருக்காரர்களாக இருந்திருந்தால் இதை, அம்மாவுக்கு முன்னால் பார்த்தால் தலை சுற்றுமாம் என்று மாற்றிச் சொல்லியிருப்பார்கள். ஜெசிந்தாவுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. சுற்றி நின்றவர்களில் பெண்கள் மட்டும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். திருமேனிக்கு அந்தச் சொல் புரியவில்லை, ஆனாலும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. சரி, மூணாவதே செய்யுங்க என்றான்.

அதன்பின் அவன் சாக்குக்கட்டிக் கோட்டுக்குள் படுத்துக் காலை நீட்டினான், ஜெசிந்தா அளவெடுத்தாள். அவன் எழுந்த பிறகு பவளக்கொடி அவளுடைய கோட்டுக்குள் படுத்தாள். சங்கிலியைச் சேர்த்துப் போடுவதா, ஒருவர் நிறுத்தினாலும் மற்றவர் மிதிக்கிற மாதிரித் தனியாகப் போடுவதா என்று கேட்டாள் ஜெசிந்தா. சேர்த்து என்று இருவருமே ஒரே நேரத்தில் சொன்னார்கள். பின்னால் பார்த்து உட்காருகிறவளின் கால் தலைகீழாகச் சுற்றாமல் இருக்க, சங்கிலியை எட்டுப் போட்ட மாதிரி குறுக்கே மாற்றிவிட வேண்டும், அதற்கு நாள் ஆகும் என்றாள். ஊருக்கு இதெல்லாம் கவலையில்லை. ஒரு வீட்டுக்குள் ஒன்றேகால் கிலோமீட்டர் விழுந்ததை ஒரே மாதத்தில் ஜீரணித்த அளத்துக்கரை, ஒரு பொம்பளை நடுத்தெருவில் மல்லாந்து காலை நீட்டிக்கொண்டு போகலாமா என்பதை ஆடி மாதம் முழுக்க விவாதித்தது. கடைசியில் சொர்ணமே தன் தங்கையின் சுடிதார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து அந்தப் பேச்சை முடித்துவைத்தாள்.

ஆவணி முதல் வெள்ளி, சாயங்காலம் ஐந்து மணிக்குச் சைக்கிள் தெருவுக்கு வந்தது. நீளமாக, தாழ்வாக, பச்சைப் பெயிண்ட் அடித்து, முன்கைப்பிடியில் ஓடின தூரம் காட்டுகிற ஒரு சின்ன மீட்டரோடு இருந்தது. திருமேனி ஏறிச் சாய்ந்தான். சொர்ணம் பவளக்கொடியைப் பிடித்துப் பின்னிருக்கையில் உட்காரவைத்தாள் என்று நம்பித்தான் அவன் காலை அழுத்தினான். ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றில், இரண்டு இருக்கைக்கும் பொதுவாக வைத்துத் தைத்திருந்த கித்தானின் அந்தப் பக்கம் ஒரு முதுகு வந்து சாய்ந்தது. சூடாக இருந்தது. மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. பத்து மாதமாகத் தொடாத மனுஷி. அவனுக்குக் கண் மறைத்துவிட்டது, எதிரே வந்த ஆட்டுக்குட்டி தானாக ஒதுங்கியதால் பிழைத்தது.

தினமும் ஐந்து மணிக்குக் கிளம்பி அளத்துச் சாலையில் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் மிதித்தார்கள். லாரிக்கு வழிவிட நிறுத்தினால் முதுகு போய்விடும். மறுபடி மிதித்தால் வரும். முதல் வாரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது வாரம் மழை வருமா, சைக்கிளுக்கு எண்ணெய் விட வேண்டுமா என்று பேசிக்கொண்டார்கள். உப்பளத்து ஆட்கள் வேலையை நிறுத்திப் பார்ப்பதையும் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது வாரம், பாத்திகளில் வானம் கிடக்கிற ஒரு சாயங்காலத்தில், திருமேனி அந்த வார்த்தையைச் சொன்னான். மூன்றாம் நாளே பிள்ளைக்கு முடியவில்லை என்று அவள் போன் பண்ணியபோது அவன் வேறு ஊரில் இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் எல்லை அளந்துகொண்டிருந்தான். பாதியில் விட்டுவர முடியாது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு நாள்.

"நான் அன்னிக்கே வந்துருந்தா டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாம் பவளம். நாந்தான் வரலை."

அவன் முதுகில் அவளுடைய மூச்சு நின்றது, பிறகு வந்தது. கால்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

"நான் ரெண்டு நாளு கசாயம் வச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேங்க. சும்மா காச்சல்னு நெனச்சேன். ஒங்களுக்குப் போனு பண்ணதே மூணாம் நாளுதான." கித்தானில் இன்னும் அழுந்திச் சாய்ந்தாள். "நீங்க கேக்கவே இல்ல. நானும் சொல்லல."

அவர்கள் மிதித்துக்கொண்டே அழுதார்கள். ஆளுக்கொரு திசையைப் பார்த்து அழுதார்கள், கண்ணைத் துடைக்கவில்லை. உப்பளத்தைத் தாண்டி மீன்காரர்கள் எதிரே வந்தார்கள், அவர்களும் பார்த்துவிட்டுப் போனார்கள். சொன்னால் தூரம் போய்விடும் என்றுதான் திருமேனி இத்தனை நாள் நம்பியிருந்தான். வீட்டு வாசலில் காலை எடுத்ததும் முதுகு போய்விட்டது, அவள் தெருக்கோடிக்கும் அப்பால் புள்ளியாக நின்றாள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் ஊருக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தபோது தண்ணீர்த்தொட்டி முக்கு வந்தது. இடது பக்கம் வீடு. வலது பக்கம் பெண்கள் போகாத மண் சாலை. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பவளக்கொடிக்கு முக்கு கடந்த பிறகுதான் தெரியும். ஆனால் எப்படியோ தெரிந்துவைத்திருந்தாள்.

"அங்க போங்க" என்றாள்.

அவனுக்குப் புரிந்தது, புரியாத மாதிரி எங்கே என்று கேட்டான்.

"அன்னிக்கு இந்த முக்குலதான என்னய நிறுத்திப்புட்டுப் போனீங்க. ஆளுங்க என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. நீங்க தூக்கிக்கிட்டுப் போறீங்க, ஒங்க முதுகுதான் தெரியுது, புள்ளை காலு மட்டும் ஒரு பக்கம் ஆடுது. அந்தத் திருப்பம் வரைக்கும் பாத்தேன். அதுலேருந்து நான் இங்கதான் நிக்கிறேன்."

தொட்டியடியில் குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அன்றைக்கு அவள் கையைப் பிடித்து நிறுத்திய கைகள் அவை. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று, காலை நிறுத்தாமலே, திருமேனி ஒரு நொடி பார்த்தான். சொர்ணம் நடுவழியில் வைத்திருந்த தன் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டாள்.

அவன் வலது பக்கம் திருப்பினான். தொழில் புத்தி, எங்கே புதிதாகத் தொடங்கினாலும் கை தானாக மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும், அப்படித்தான் செய்தான். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. கருவைமுள் இரண்டு பக்கமும் உரசியது. அவள் வந்த வழியையே, அவள் நின்றிருந்த அந்த முக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள், அது சிறுத்துக்கொண்டே போயிருக்கும். திருப்பத்தைக் கடந்தபோது அவள் முதுகு ஒருமுறை நடுங்கியது. இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தார்கள்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"நிறுத்துங்க."

"நிறுத்துனா நீ போயிருவியே" என்றான். பயத்தில் அவன் குரல் பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது.

"நிறுத்துங்க."

காலை எடுத்தான். சைக்கிள் இரண்டு முழம் உருண்டு நின்றது. மீட்டரில் ஒன்று புள்ளி மூன்று ஒன்று என்று இருந்தது. பத்து மாதம் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு புழங்கிய தூரம் எது என்று அப்போதுதான் அந்த மடையனுக்கு உறைத்தது. அவனுடைய முதுகில், கித்தானுக்கு அந்தப் பக்கம், அவள் முதுகு சூடாக அப்படியே இருந்தது.

இறங்கினார்கள். பவளக்கொடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து அவன் எதிரில் நின்றாள், ஒரு கை தூரத்தில். அவன் அவள் கையைப் பிடித்தான். உரிந்த தோலும் உரிந்த தோலும் பட்டு இரண்டு பேருக்கும் எரிந்தது.

"எங்க?" என்றாள்.

திருமேனி பார்த்தான். அவனுக்குத் தெரியாத இடமில்லை அது. மயானப் புறம்போக்கு, சர்வே எண் இருநூற்றுப் பதினாலில் இரண்டு. நாலு மூலைக்கும் கல் நட்டதே அவன்தான், கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் நிற்பான். கிழக்கு ஓரம் பிள்ளைகளுக்கானது, அதுவும் தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கு அங்கே யாரும் அடையாளம் வைப்பதில்லை. கார்த்திகை மழையில் மேடெல்லாம் கரைந்து, கிழக்கு ஓரம் முழுக்கத் தண்ணீர் வடிந்த பாத்தி மாதிரி ஒரே மட்டமாகக் கிடந்தது. மயானத்துக் கிணற்றடியிலிருந்து பத்து எட்டு எடுத்துவைத்தான், திரும்பி வந்தான், மேற்கு மூலைக் கல்லிலிருந்து எண்ணிப் பார்த்தான். ஒரு செடியைப் பார்த்தான். அது அன்றைக்கு இருந்ததா என்று தெரியவில்லை.

"தெரியல பவளம்."

அவள் அவனையே பார்த்தாள்.

"திரும்பிப் பாக்காம வரணும்னு சொன்னாங்க. நான் பாக்காமயே வந்துட்டேன்." ஊரில் இருக்கிற ஒவ்வொரு வரப்புக்கும் கல் நட்டவன், உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றிச் சைக்கிளுக்கு அருகில் வைத்துவிட்டு வந்து, இத்தனை நாள் யாரிடமும் கேட்க முடியாததை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"தலை எந்தப் பக்கம்?"

"தெக்க."

"ஆழமா வெட்டுனாங்களா?"

"நெஞ்சளவு இருந்துச்சு. நான் எறங்கித்தான் படுக்க வச்சேன்."

"மண்ணு ஈரமா இருந்துச்சா?"

அவன் பொய் சொல்லலாமா என்று நினைத்தான். "ஈரந்தான்" என்றான்.

"மூஞ்சில மண்ணு விழுந்துச்சா?"

"இல்ல. ஒன் சீலய மூடிட்டுத்தான் போட்டோம். மொதப் புடி நாந்தான் போட்டேன்."

அவள் தலையாட்டினாள். அவன் கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பினாள். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கிழக்கு ஓரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மெல்ல நடந்தார்கள், காலடியில் தரை எங்காவது மெத்தென்று உள்வாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து. எங்கேயும் உள்வாங்கவில்லை. வெயில் தாழ்ந்து, அவர்கள் நிழல் முள்வேலி வரைக்கும் போய்விட்டது. ஓரிடத்தில் பவளக்கொடி நின்றாள். மற்ற இடத்துக்கும் அந்த இடத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"இங்கன்னு வச்சிக்குவோமா?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷ வேலையில், வச்சிக்குவோம் என்று வந்து நின்ற எத்தனையோ பேரை அவன் திருப்பி அனுப்பியிருக்கிறான். அரை அடி சந்தேகம் இருந்தாலும் கல்லைத் தொட விடமாட்டான். அவன் அந்த இடத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரி" என்றான்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, தெற்குப் பக்கம் எது என்று பார்த்து, ஒருக்களித்துப் படுத்து, தூங்குகிற பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி மண்ணைத் தட்டிக் கொடுத்தாள். திருமேனி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தான். அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கொஞ்சம் தள்ளி இருந்தா?"

அவள் கையை நிறுத்தவில்லை.

"இருக்கட்டுங்க. பக்கத்துலதான இருப்பா."